வைக்கோலிலிருந்து எரிசாராயம்

அங்கத்தினர் கல்விப் பகுதி

நெல்லுக்குக் கணக்கு வைப்போர் பலர். வைக்கோலுக்குக் கணக்கு வைப்போர் சிலரே. அவ்வைக்கோலும் இன்று எண்ணெய்த் தொழிலின் மூலப்பொருளாகிவிட்டது. அரியானா மாநிலம் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த எதனால் தொழிற்சாலை 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு, பெட்ரோலுடன் கலக்கும் எரிசாராயத்தைச் சுமார் 3 கோடி லிட்டர் செய்வது அதன் திட்டம். திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் நமக்கு இச்செய்தி எதற்கு? நாளை ஒருவர் முன்பணத்துடன் நம் களத்துக்கு வரின், தக்க விடை கூறுதற்கே.

செய்முறை

நெசவாள அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். பாவுக்குப் போடும் கஞ்சி புளித்துவிடும். பருத்தி நூல் புளிப்பதில்லை. ஆயினும் கஞ்சியின் மாவுச்சத்தும் நூலின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையின் கோவைகளே. கோத்த முறைதான் வேறு. வைக்கோலிலோ செல்லுலோஸ், லிக்னின் என்னும் பொருளால் மேலும் இறுகப் பிணைந்துள்ளது. ஆதலின் வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலமும் நீராவியும் கொண்டு அப்பிணைப்பைத் தளர்த்துவர். பின்னர் என்ஸைம்கள் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அதனைப் புளிக்கச் செய்யும். காய்ச்சி வடித்தால் எரிசாராயம். எஞ்சும் லிக்னின் கொதிகலனுக்கு எரிபொருளாகும்.

வேறொரு வழியும் உண்டு. மரத்தூள் போன்றவற்றைக் காற்றுப் புகாமல் சுமார் 500 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரிய எண்ணெய் கிடைக்கும். அதனைச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய்ப் பகுதிகளுடன் சேர்த்துப் பக்குவப்படுத்தலாம். ஆனால் அது குழாய்களை அரிக்கும். அதிலுள்ள பிராணவாயுவை நீக்க ஹைட்ரஜன் செலவாகும்.

கணக்கு

மேற்கண்ட திட்டப்படி ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர். ஏக்கருக்கு 2 டன் எனக் கொண்டால், ஆலையின் ஒரு நாள் தேவைக்கே 270 ஏக்கருக்கு மேல் வேண்டும். வைக்கோல் கனமற்றது, இடத்தை அடைப்பது. தொலைவு கூடினால் வண்டிச் சத்தமே ஆதாயத்தை விழுங்கும்.

நம் கடமை

வடக்கே கோதுமை விதைப்புக்கு அவசரப்பட்டு வைக்கோலைக் கொளுத்துகின்றனர். அங்கே அது மிச்சம்; நமக்கு அது மாட்டின் உணவு. அறுவடை நாளில் தரகரிடம் களத்திலேயே விற்றுவிட்டு, கோடையில் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிய அங்கத்தினரை நாம் தணிக்கைக்குச் சென்ற ஊரிலேயே கண்டிருக்கிறோம். ஆகவே,

1. மாட்டுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குக.

2. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குவது. முழுதும் விற்பின், எருவாக அதனை ஈடு செய்க.

3. ஈரப்பதம், எடை, வண்டிச் சத்தம் ஆகியவற்றை யார் ஏற்பது என்பதை எழுத்தில் பெறுக.

4. தனித்தனியே விலை பேசாது, சங்கத்தின் வாயிலாகவே பேசுக.

அடுத்த பொதுக்குழுவில் ஆராய ஒரு வினா: நம் சங்க எல்லையில் கால்நடைக்குப் போக மிஞ்சும் வைக்கோல் எவ்வளவு? இவ்வெண் கையில் இல்லாத சங்கம், எவர் சொல்லும் விலைக்கும் தலையசைக்கவே நேரும்.