ஸ்டீயரிங் பிடிக்கப் போகும் தம்பிக்கு

எங்கள் தெருவில் ஒரு பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு வருடமாக டாடா ஏஸ் ஓட்டுகிறான். போன வாரம் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "பெரியப்பா, நேஷனல் பர்மிட் வண்டிக்குப் போகலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். சங்ககிரியில் லாரி தெரியாத வீடு கிடையாது. ஆனாலும் யாரிடமாவது கேட்டுவிட்டு வண்டி ஏறுகிற பையன்கள் குறைவு. நான் 1987-ல் கிளீனராக ஏறி, 1992-ல் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, 2021-ல் இறங்கியவன். அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் எழுதி வைக்கிறேன்.

1. லைசென்ஸை நேர்வழியில் எடு. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். கார், வேன் ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம் போன பிறகுதான் கனரக வண்டிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். அந்த ஒரு வருடம் வீண் என்று நினைக்காதே. சின்ன வண்டியில் நீ பழகுவதுதான் பெரிய வண்டியில் உன் கையில் நிற்கும். புரோக்கரிடம் காசு கொடுத்து, வண்டியைத் தொடாமல் லைசென்ஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் மலைப்பாதை வரைக்கும்தான் அவர்களுக்கு அது லைசென்ஸ். கேஸ், பெட்ரோல் டேங்கருக்குப் போக ஆசை என்றால் 3 நாள் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும். நாமக்கல்லில் அந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன, விசாரித்துப் பார்.

லைசென்ஸ் எடுத்த மறுநாளே தனியாக லோடு ஏற்றாதே. நான் ஐந்து வருடம் கிளீனராக இருந்தேன். தார்ப்பாய் கட்டினேன், டயர் கழற்றினேன், சோறு ஆக்கினேன், டிரைவர் தூங்கும்போது வண்டிக்குக் காவல் இருந்தேன். ஓட்டக் கற்றதெல்லாம் இதற்கு நடுவில்தான். இன்று கிளீனர் இல்லாத வண்டிதான் அதிகம். அதனால் ஆறு மாதமாவது ஒரு பழைய டிரைவரோடு இரண்டாவது டிரைவராகப் போ. படி குறைவு என்றாலும் போ.

2. எடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வா. தினமும். டீக்கு நிறுத்தினாலும் சுற்றி வா. கையில் ஒரு இரும்புக் கம்பி இருக்கட்டும், ஒவ்வொரு டயரையும் தட்டு. காற்று இருக்கும் டயர் கம்பியை எகிறவிடும். காற்று இறங்கியது 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். இரட்டை டயரில் உள்டயர் காற்றிறங்கிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்குத்தான் தெரியும். அப்படியே ஓட்டினால் இரண்டும் உரசிச் சூடேறித் தீப்பிடிக்கும். நிறுத்தியவுடன் ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டு, தொடாதே. நாலில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடித்திருக்கிறது. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடு. 2020-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஆட்ப்ளூ அளவையும் பார்த்துக்கொள். அது தீர்ந்தால் இன்ஜின் இழுவை குறைந்துவிடும், நடுக்காட்டில் நிற்பாய்.

3. ஏறுகிற கியரில் இறங்கு. இதை மட்டும் நீ மறக்கவே கூடாது.

தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கம் வரும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போகும் 44-ம் எண் சாலையில் இதைவிடப் பெரிய மலைகள் உண்டு. ஆனால் தொப்பூர் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். ரோடு நன்றாக இருக்கும், வண்டி தானாகவே உருளும். அங்கேதான் நியூட்ரல் போடச் சொல்லி மனம் ஆசை காட்டும். எத்தனை வண்டிகள் அந்த ஆசையில் முன்னால் போன கார்களை நசுக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன!

நான் ஸ்டீயரிங் பிடித்த முதல் வருடம். பின்னால் பெர்த்தில் என் குரு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நியூட்ரல் தட்டினேன். இன்ஜின் சத்தம் மாறியதுமே எழுந்துவிட்டார். திட்டவில்லை. அடிவாரத்தில் ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிப் போய், பின் சக்கர டிரம் மேல் பாட்டில் தண்ணீரை நாலு சொட்டு விட்டார். எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது. லைனிங் கருகிய வாடை மூக்கில் ஏறியது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இறக்கம் இருந்திருந்தா உனக்கு பிரேக் இருந்திருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நியூட்ரலில் வண்டியை இன்ஜின் பிடித்து நிறுத்தாது, எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது. மொத்தப் பாரமும் டிரம்மில் விழும். டிரம் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் லைனிங் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இப்போதைய கம்ப்யூட்டர் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ராத்திரியில் சரக்கு வண்டிக்குத் தடை இருக்கிறது, நேரம் பார்த்துப் போ. மலையில் எப்போதும் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். சட்டமும் அதுதான்.

4. தூக்கத்தை ஜெயிக்கப் பார்க்காதே. 2006-ல், ஆதிலாபாத் தாண்டி நாக்பூர் போகிற ரோடு, ஹிங்கன்காட்டுக்கு இந்தப் பக்கம். விடியற்காலை நாலு மணி இருக்கும். காலை எட்டு மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும் என்று புக்கிங் ஆபீஸிலிருந்து ராத்திரி மூன்று முறை போன். ரோட்டின் நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நடந்து போவதைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்து நிறுத்தி இறங்கினால், யாரும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், கிலோமீட்டர் கல் ஒன்று வெள்ளையாக நின்றது. எனக்குக் கால் நடுங்கியது. கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன். அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூன்று மணி நேரம் தூங்கினேன். சரக்கு மதியம் இறங்கியது. திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கடைசியாகக் கடந்த ஊர் எது என்று நினைவில்லை என்றால் நிறுத்து. கியர் தவறி விழுந்தால் நிறுத்து. டீயும் பாக்கும் வாய்க்குத்தான் வேலை கொடுக்கும், தூக்கத்தைப் போக்காது. வடக்கே சில தாபாக்களில் தூக்கம் வராமலிருக்க டோடா, புக்கி என்று ஏதேதோ கொடுப்பார்கள். அபின் செடியின் சக்கை அது. ஒரு முறைகூடத் தொடாதே. மோட்டார் தொழிலாளருக்கு 1961-ல் போட்ட சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தூர வண்டிக்கு அதிகபட்சம் 10 மணி நேரம், 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்றது. அறுபது வருடத்துக்கும் முன்பே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் நான் ஓட்டிய காலத்தில் எந்த முதலாளியும் அதை எண்ணியதில்லை, நானேதான் எண்ணிக்கொண்டேன். போன் வந்தால், "வண்டி நிக்குதுங்க, நாலு மணி நேரம் கழிச்சு எடுக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல். போனில் பேசுகிறவருக்கு ரோடு தெரியாது.

5. சரக்கின் குணம் தெரிந்து கட்டு. சேலத்து ஜவ்வரிசி இந்தூர் போகும், திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றுவோம். ஜவ்வரிசிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. வெங்காயத்தைக் காற்றில்லாமல் மூடினால் வியர்த்து அழுகும், பக்கவாட்டில் தார்ப்பாயைத் தூக்கிக் கட்ட வேண்டும்.

ஒரு ஆடி மாதம், சேந்த்வா மலைப்பாதையில் ராத்திரி முழுக்க மழை. இந்தூரில் பிரித்தால் 11 மூட்டை நனைந்து களியாகிக் கிடந்தது. வியாபாரி வாடகையில் பிடித்தார், முதலாளி என் கணக்கில் எழுதினார். பழைய தார்ப்பாயைக் கொடுத்தது அவர்தான். ஆனால் வாங்கிக் கட்டியது நான். மூன்று மாதப் படி அதில் போனது. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன்: தார்ப்பாயைப் பாடி மேல் விரித்துவிட்டு, நல்ல வெயிலில் அதற்குள் நுழைந்து மேலே பார். ஓட்டை இருந்தால் இருட்டில் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸில் வட்டமிட்டு ஒட்டுப் போடு. போட முடியாது என்று முதலாளி சொன்னால் லோடு ஏற்றாதே.

எடைமேடைச் சீட்டை நீயே வாங்கு. 10 சக்கர வண்டி சரக்கோடு சேர்த்துச் சுமார் 28 டன். அதற்கு மேல் ஏற்றினால் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைவிட, பாரம் கூடிய வண்டி நீ மிதித்த இடத்தில் நிற்காது. இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வண்டி பழுதாகி நின்றால் நாள் தீருமுன்பே புக்கிங் ஆபீஸுக்குச் சொல்லி நீட்டித்துக்கொள். 2017-க்கு முன்பு வாளையார் செக்போஸ்ட்டில் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம். அந்தக் கஷ்டம் உனக்கு இல்லை. காகிதம் சரியாக இருந்தால் போதும்.

6. இடது பக்கம் உனக்குத் தெரியாது. கேபினுக்கு இடப்புறம், பம்பருக்கு முன்னால், பாடிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு நின்றாலும் கண்ணாடியில் தெரியாது. ஊருக்குள் இடது திரும்பும்போது முழுசாக நின்று, பார்த்து, பிறகு திருப்பு. பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பார். சோம்பல் படாதே.

7. அடிபட்டுவிட்டால் ஓடிப் போகாதே. யாருக்கும் நடக்கக் கூடாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதும் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதும் டிரைவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் அதையும் சட்டம் புரிந்துகொள்கிறது. அப்போது 108-க்கும் 112-க்கும் போன் போட்டுவிட்டு நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போ. 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ஓடினால் 10 வருடம் என்ற புதுப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள், அந்தப் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அதை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. ரோட்டில் கிடப்பவருக்கும் வீட்டில் நம்மைப் போல ஆள் காத்திருக்கும்.

8. உடம்பைப் பார்த்துக்கொள். அரிசி, பருப்பு, ஊறுகாய் வீட்டிலிருந்து எடுத்துப் போ. ஒருவேளையாவது நீயே ஆக்கிச் சாப்பிடு. தண்ணீர் குடி. நிறுத்த வேண்டி வருமே என்று குடிக்காமல் இருந்து கல்லடைப்பும் மூலமும் வந்தவர்கள் எங்கள் செட்டில் பாதிப் பேர். வருடம் ஒருமுறை கண்ணும் சர்க்கரையும் பார். 2025 முதல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. மே மாதம் நாக்பூர் வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்தவன் நான், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்கிறேன். 1990-களில் எங்கள் வட்டாரத்தில் எச்.ஐ.வி. எத்தனையோ டிரைவர் வீடுகளைக் காலி செய்தது. என்னோடு கிளீனராக ஏறியவர்களில் மூன்று பேரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனேன். அவர்களில் இரண்டு பேரின் மனைவிகளுக்கும் அது இருந்தது, அந்தப் பெண்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. ரோட்டோரத்தில் தடம் மாறாதே. மாறினால் ஆணுறை இல்லாமல் போகாதே, பரிசோதனை செய்யாமல் வீட்டுக்குப் போகாதே.

9. கணக்கை நோட்டில் எழுது. டீசல், டோல், படி, அட்வான்ஸ், பஞ்சர், ஏற்றுக்கூலி, எல்லாம் அன்றன்றைக்கு. டிரிப் முடிந்தவுடன் முதலாளியோடு உட்கார்ந்து கணக்குத் தீர்த்துக்கொள். டீசலை விற்காதே. அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பெயரைப் பதிந்து வை, விபத்து இன்சூரன்ஸ் ஒன்று போடு.

10. பத்து வார்த்தை இந்தி கற்றுக்கொள். வடக்கே டிரைவரை 'உஸ்தாத்' என்பார்கள், நீயும் அப்படியே கூப்பிடு. குவாலியர் பக்கம் ஒரு பனிக்கால ராத்திரி, ஸ்பிரிங் கட்டை உடைந்து நின்றபோது பஞ்சாப் டிரைவர் ஒருவர் தன் ஜாக்கியைக் கொடுத்து, ரொட்டியும் கொடுத்து, விடியும் வரை கூட நின்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. நின்றுபோன வண்டியைப் பார்த்தால் நீயும் வேகத்தைக் குறைத்து, "என்னங்கண்ணா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போ.

11. வீட்டோடு தினமும் பேசு, ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசு. என் பெண் நடக்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்தபோது அவள் என்னைக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அப்போது போன் இல்லை. உனக்கு இருக்கிறது. இரண்டு டிரிப்புக்கு ஒருமுறை நாலு நாளாவது வீட்டில் இரு, முதலாளியிடம் அதை முதலிலேயே பேசிவிடு.

12. பையனுக்கு அடுத்த மாதம் முதல் டிரிப். பழைய டிரைவர் ஒருவரோடு போகிறான், ஜவ்வரிசி லோடுதான். ஏற்றுவதற்கு முன்னால் வண்டியை எங்கள் தெரு முனையில் பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி இருக்கிறது, ஏணி பிடித்துக்கொண்டால் ஏறிவிடுவேன். தார்ப்பாய்க்குள் நுழைந்து ஒருமுறை நானே மேலே பார்த்துவிடுகிறேன். சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.