பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றாலோ, 2018க்கு முன் வாங்கிய கணினிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. திரையும் விசைப்பலகையும் நன்றாக வேலை செய்யும் கணினியை வீசிவிட வேண்டுமா? தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவி, அதை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

ஆனால், எந்த லினக்ஸ் என்று தேடத் தொடங்கியதும் எண்ணற்ற பெயர்கள் வந்து குழப்பும். இங்கே கேள்விகள் இரண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

வழங்கல் வேறு, டெஸ்க்டாப் வேறு

லினக்ஸ் என்பது கணினியின் வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை வெளியிட்டார். அதனுடன் மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, பாதுகாப்புத் திருத்தங்களையும் தொடர்ந்து அனுப்பிவைக்கும் தொகுப்பை ‘வழங்கல்’ என்கிறோம். 1993இல் டெபியன் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006இல் லினக்ஸ் மின்ட் பிறந்தது.

நாம் திரையில் காணும் சாளரங்கள், பட்டியல்கள், பணிப்பட்டை எல்லாம் சேர்ந்தது ‘டெஸ்க்டாப் சூழல்’. க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவை இவ்வகை. ஒரே சூழல் பல வழங்கல்களில் கிடைக்கும். பிடிக்காவிட்டால், வழங்கலை மாற்றாமலே வேறொரு சூழலை நிறுவிக்கொள்ளவும் முடியும்.

முதலில் ஆயுளைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் திரையின் அழகைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்த வழங்கலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை ஆண்டுகள் வரும் என்பது. அது நின்றுவிட்டால், விண்டோஸ் 10இல் ஏற்பட்ட அதே நிலைதான் மறுபடியும்.

உபுண்டு 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு 4ஆம் மாதம் வெளிவந்தது என்று பொருள். இது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 5 ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வரும். இப்படிப்பட்ட பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாத ஆதரவு மட்டுமே.

இன்னோர் ஒப்பீடு. சுபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகிய இரண்டின் டெஸ்க்டாப் சூழலும் ஒன்றே. சுபுண்டுவுக்கு 3 ஆண்டு ஆதரவு, 2027இல் முடிகிறது. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. சூழல் ஒன்று, ஆயுள் வேறு. அடிக்கடி மாற்ற விரும்பாத குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிறகு ரேமைப் பாருங்கள்

டெஸ்க்டாப் சூழலைத் தேர்ந்தெடுக்க, கணினியின் ரேம் அளவைப் பாருங்கள். 8 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் எந்தச் சூழலையும் நிறுவலாம். விண்டோஸ் பழகியவர்களுக்குச் சின்னமனும் பிளாஸ்மாவும் எளிதில் கைவரும். இரண்டிலும் பட்டியலும் பணிப்பட்டையும் பழகிய இடத்திலேயே இருக்கும். க்னோமின் அமைப்பு வேறு மாதிரியானது. பழகச் சில நாள்கள் ஆகலாம். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பொருத்தமானது.

ஒன்றை மறக்க வேண்டாம். எவ்வளவு இலகுவான சூழலானாலும், இணைய உலாவி எடுக்கும் ரேமை அது குறைக்காது. 4 ஜிபி கணினியில் ஒரே நேரத்தில் இருபது பக்கங்களைத் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும்.

அழிப்பதற்கு முன் சோதனை

உபுண்டு, மின்ட் போன்றவற்றைத் தம்ப் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் உள்ள விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. அப்படி இயக்கும்போது இவற்றைச் சரிபாருங்கள்: வைஃபை இணைகிறதா? ஒலியும் கேமராவும் வேலை செய்கின்றனவா? மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா? வீட்டு அச்சுப்பொறியை அது கண்டுகொள்கிறதா? தமிழில் தட்டச்சு செய்பவர்கள், விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்99 இருக்கிறதா என்றும் பாருங்கள். தம்ப் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும், நிறுவியபின் கூடும்.

பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கோ உங்கள் அலுவலக வேலைக்கோ விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்ட் லினக்ஸில் நேரடியாக இயங்காது. லிப்ரேஆஃபிஸில் அந்தக் கோப்புகளைத் திறந்து திருத்தலாம். ஆனால் பக்க அமைப்பு சில வேளை மாறக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தால் நிறுவலாம். வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தால், பழைய புகைப்படங்களும் ஆவணங்களும் போய்விடும். ஆகவே, அவற்றை வெளி வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகல்களை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள்.