தனி ஆளாகச் சென்னைக் கொள்முதல்: இரண்டு நாள் பயணத்துக்குத் திட்டம்



சங்கக் கூட்டங்களில் சிறு கடைக்காரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணாச்சி, சென்னைக்கு ஒரு நடை போய்ச் சரக்குப் பார்த்து வரலாமா? கடையில் ஆள் கிடையாது. ஒற்றை ஆளாகத்தான் போக வேண்டும். சனி, ஞாயிறு தவிர நாள் கிடைக்காது."

தாராளமாகப் போகலாம். ஆனால் எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் வீட்டிலேயே எடுத்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பேர் போனால் ஒருவர் விலை பேசுவார், மற்றவர் பையைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் ஆசைப்பட்டால் மற்றவர் "வேண்டாம், நம் ஊரில் ஓடாது" என்று சட்டையைப் பிடித்து இழுப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தத் தாள்தான் கூட்டாளி. சிறு கடையின் முதல் பெரும்பாலும் அந்தப் பையில்தான் போகிறது என்பதால் இதை விளையாட்டாக எண்ணக்கூடாது.

1. முதலில் கணக்கு

ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோ சரக்கு வாங்கினால் கிலோவுக்கு 10 ரூபாய் பயணச் செலவே ஏறிவிடுகிறது. லாரி வாடகையும் கூலியும் தனி. பருப்பு, மிளகாய் வற்றல் போன்ற எடைச் சரக்குக்கு இது கட்டுபடியாகாது.

எனவே எதற்குச் சென்னை என்று தெரிந்து போக வேண்டும். நம் தென் மாவட்டக் கடைக்காரருக்குப் பருப்புக்கும் வற்றலுக்கும் விருதுநகர் இருக்கிறது. மஞ்சளுக்கு ஈரோடு, ஜவ்வரிசிக்குச் சேலம், ஏலக்காய்க்குப் போடி, பூண்டுக்கு வடுகபட்டி, முந்திரிக்குப் பண்ருட்டி. இவற்றைச் சென்னையில் தேடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைத் திருப்பிப் போட்ட கதை. எடை குறைந்து மதிப்பு மிகுந்த வெளிநாட்டுச் சரக்கான பாதாம், பிஸ்தா, பேரீச்சை, கிராம்பு, பட்டை ஆகியவற்றுக்கும், பாக்கெட் போடும் கவர், எழுதுபொருள், பண்டிகை அலங்காரப் பொருள் ஆகியவற்றுக்கும் சென்னை ஏற்ற இடம்.

2. தாளில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு சரக்குக்கும் ஐந்து பத்திகள் போடுக: சரக்கும் தரமும், நம் ஊர் மொத்த விலை, வேண்டிய அளவு, எத்தனை நாளில் விற்கும், அதிகபட்சம் எந்த விலைக்கு வாங்கலாம்.

கடைசிப் பத்திதான் முக்கியம். உதாரணமாக, நம் ஊர் மொத்தக் கடையில் கிலோ 800 ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கில் 50 கிலோ வேண்டும். லாரி வாடகை, ஏற்று இறக்கு கூலி கிலோவுக்கு 6 ரூபாய். எடைக் குறைவு, உடைசலுக்கு 4 ரூபாய். பயணச் செலவில் பாதியான 1,500 ரூபாயை இதன் தலையில் வைத்தால் கிலோவுக்கு 30 ரூபாய். ஆக மொத்தம் 40. சென்னையில் 760 ரூபாய் என்றால் நம் ஊரில் 800க்கு வாங்குவதும் அதுவும் ஒன்றே. 740க்குக் கீழே கிடைத்தால்தான் அலைந்ததற்கு அர்த்தம் உண்டு. தாளில் 740 என்று எழுதிவிட வேண்டும். கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. விலை கேட்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு, இரண்டு ஊர் விலையையும் ஒரே விதமாக ஒப்பிட வேண்டும்.

"எத்தனை நாளில் விற்கும்" என்ற பத்தியும் லேசானதல்ல. நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ரம்ஜான் முடிந்த மறுவாரம் தனியாகப் போய், மலிவாக இருக்கிறதென்று பேரீச்சை பெட்டி பெட்டியாக வாங்கிவந்தார். விலை மலிவுதான். ஆனால் விற்கும் காலம் போய்விட்டது. பாதிச் சரக்கு கடையிலேயே கெட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் கேட்டிருப்பார். தாள் இருந்திருந்தால் அதுவும் கேட்டிருக்கும்.

3. எந்த வாரம் போவது

ஆடி மாதம் நமக்கு வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்குக்கு முன்னோட்டம் பார்க்க அதுவே நல்ல காலம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் போனால் கூட்டத்தில் விலை பேசவே முடியாது, டிக்கெட்டும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானிலைச் செய்தி கேட்காமல் புறப்பட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்க. தேர்தல் அறிவித்த காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படையினர் பிடித்துவைப்பார்கள். ரசீது காட்டித் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு நாளும் போய்விடும்.

4. டிக்கெட்டும் அறையும்

வெள்ளி இரவு ரயில் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை கடை திறக்கலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. போகவும் வரவும் ஒரே சமயத்தில் எடுத்துவிடுக. தட்கலை நம்பித் திரும்பும் பயணத்தை விட்டுவைக்கக் கூடாது. இறங்கும் நிலையம் எழும்பூரா, தாம்பரமா என்று டிக்கெட்டில் பார்க்க. எங்கு இறங்கினாலும் கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து பாரிமுனை நடை தூரம். மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய நிலையங்கள் 2019 பிப்ரவரி முதல் இயங்குகின்றன.

பஸ்ஸில் போகிறவர்கள், தென் மாவட்டப் பஸ்கள் இப்போது கோயம்பேட்டுக்குப் பதில் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன என்பதை மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து பாரிமுனை 30 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்க.

அறையைப் போன வாரமே பேசி வைத்துவிட வேண்டும். ஆதார் அட்டை அசல் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்று நாளுக்கு உரியதை எடுத்துவைக்க வேண்டும்.

5. பணம்

முழுப் பணத்தையும் ரொக்கமாகச் சுமந்து போகும் காலம் மலையேறிவிட்டது. வங்கிப் பரிமாற்றம் 2019 டிசம்பர் முதல் விடுமுறை நாளிலும் 24 மணி நேரமும் நடக்கிறது. முறைப்படி கணக்கு எழுதுவோர் ஒரே நாளில் ஒரு கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால், வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். செல்போன் வழி அனுப்பினால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, கடைக்காரருக்கு வந்ததா என்று கேட்டபின் மீதியை அனுப்புக. ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பை வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. பணம் தவறான கைக்குப் போனதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

போன் தொலைந்தால் எண்ணும் போச்சு, பணமும் போச்சு. ஆகவே முக்கியமான ஐந்தாறு எண்களைத் தாளின் பின்புறம் எழுதிவைக்க வேண்டும். திரும்பும் செலவுக்கு 1,500 ரூபாய் உள்பையில் தனியாக இருக்கட்டும்.

6. சனிக்கிழமை: வாங்கும் நாள்

ஜார்ஜ் டவுனில் பெரும்பாலான மொத்தக் கடைகள் ஞாயிறு அடைப்பு. ஆகவே வேலை முழுவதும் சனிக்கிழமைதான். அங்கே தெருவுக்குத் தெரு வியாபாரம் வேறு. மளிகைக்கும் உலர் பழத்துக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மளிகைக்கு அண்ணாபிள்ளை தெரு, எழுதுபொருளுக்கும் காகிதத்துக்கும் பந்தர் தெரு, ஜவுளிக்குக் கோடவுன் தெரு. பழைய நினைவில் காய்கறிக்குக் கொத்தவால் சாவடியைத் தேட வேண்டாம். அது 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

காலையில் எதுவும் வாங்காமல் குறைந்தது நான்கு கடை ஏறி இறங்குக. விலையைத் தாளில் குறித்து, மாதிரிச் சரக்கு ஒரு கைப்பிடி வாங்கிப் பெயர் எழுதிக் கட்டிக்கொள்க. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தாளைப் பார்த்து முடிவு செய்து, பிற்பகலில் வாங்குக. வழியில் ஒட்டிக்கொண்டு "நான் மலிவாக வாங்கித் தருகிறேன்" என்பவரோடு போக வேண்டாம். புதிய கடையில் முதல் தடவை, தாளில் எழுதிய அளவில் பாதி மட்டுமே. சரக்கு வந்து, எடையும் தரமும் சரியாக இருந்தால் மறுபாதியைப் போனிலேயே சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பயணத்தின் பெரிய லாபம் இதுதான்: ஒரு நாணயமான கடையின் அறிமுகம் கிடைத்துவிட்டால் அடுத்த பயணமே தேவைப்படாது.

பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண்ணும், உணவுப் பொருளானால் அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று நின்று பார்த்து வாங்குக.

7. சரக்கு வந்து சேர

தலைச்சுமையாகத் தூக்கி வர வேண்டாம். தனி ஆள் இரண்டு கையிலும் மூட்டை வைத்துக்கொண்டு ரயில் ஏறுவது ஆபத்து. நம் ஊருக்கு லாரி போடும் புக்கிங் ஆபீஸ் எது என்று புறப்படுமுன் உள்ளூரிலேயே விசாரித்து, முகவரியைத் தாளில் எழுதுக. சிப்பத்தின் மீது நம் கடைப் பெயரும் எண்ணிக்கையும் எழுதியபின் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் வேண்டும். அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். திருநெல்வேலி சுமார் 620 கிலோமீட்டர் என்பதால் நான்கு நாள். சனிக்கிழமை பில் போட்டு லாரி திங்கட்கிழமை புறப்பட்டால் இரண்டு நாள் வீணாகிவிடும். லாரி புறப்படும் நாளைக் கேட்டு அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள்.

8. ஞாயிறு: பார்க்கும் நாள்

பணப்பை காலியாக இருப்பதால் ஞாயிறு மனம் லேசாக இருக்கும். கந்தகோட்டமோ காளிகாம்பாளோ, அவரவர் வழிபாட்டுத் தலமோ போய்வரலாம். பிறகு தி.நகரில் பெரிய மளிகைக் கடை இரண்டுக்குள் போய்ச் சுற்றிப் பாருங்கள். எந்தச் சரக்கை 50 கிராம் பாக்கெட்டாகப் போடுகிறார்கள், எதைக் கண் மட்டத்தில் அடுக்குகிறார்கள், பாக்கெட்டில் என்ன அச்சடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் அத்தகைய கடை வரத்தான் போகிறது. வருமுன் பார்த்து வைத்தவன் பிழைப்பான்.

9. கடையும் வீடும்

இரண்டு நாளும் கடையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்கள்தான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம், எந்த ஏஜெண்ட் வந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கையிலும் ஒரு தாள் கொடுத்துப் போக வேண்டும். தங்கும் அறையின் பெயர், ரயில் எண், வாங்கப்போகும் தெரு அதில் இருக்கட்டும். காலையும் இரவும் ஒரு போன் செய்யுங்கள். தனியாகப் போனவர் எங்கே இருக்கிறார் என்று ஊரில் ஒருவருக்காவது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் காவல், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 112, ரயிலில் 139.

திங்கட்கிழமை கடை திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தாளில் உண்மையான செலவையும் வாங்கிய விலையையும் எழுதிப் பேரேட்டோடு வைப்பது. அடுத்த முறை போகலாமா, போனிலேயே முடிக்கலாமா என்பதற்கு அதிலேயே விடை இருக்கும்.