நீச்சற்குளத்து நீரைத் தெளிவித்தலும் காத்தலும்

குளம் வெட்டுதலை நம் முன்னோர் பேரறங்களுள் ஒன்றாகக் கொண்டனர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், வெட்டிய குளத்தைப் பழுதுறாமற் காத்தலை அவர் அதனினுங் குறைந்த அறமாகக் கருதினாரல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் இதற்குச் சான்றாகும். ஏரியைப் பேணுதற்கென்றே அறுவர் கொண்ட 'ஏரி வாரியம்' ஆண்டுதோறும் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பெற்றது என்றும், முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதார் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர் என்றும் அவை கூறுகின்றன. நீரைத் தேக்குதல் ஒரு காலத்துச் செயல். அதனைக் காத்தலோ நாடோறுஞ் செய்தற்குரிய செயல். இவ்வுண்மை பேரேரிக்குப் பொருந்துமாறே வீட்டுக் குளத்திற்கும் பொருந்தும்.

இக்காலத்தே சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் குடியிருப்புக்கள் பெருகி, வீடுகள் சிலவற்றில் சிறு நீச்சற்குளங்களும் அமைந்துள்ளன. குளத்தோடு கூடிய வீட்டைப் புதிதாகப் பெற்றோரும், சில திங்கள் வெளியூர் சென்று மீண்டோரும், நீர் பச்சைப்பசேலெனப் பாசி பூத்துக் கிடத்தலைக் கண்டு திகைப்பர். 'இந்நீரை முற்றும் இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்புவோம்' என்பதே அவர் உள்ளத்தில் முதற்கண் எழும் எண்ணமாகும். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது என்பதையும், உள்ள நீரையே தெளிவித்து நெடுநாட் காக்கும் முறை இன்னதென்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நீரை இறைத்தல் தகாது

எட்டு மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழமும் உடைய குளம் ஒன்றைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 40 கன மீட்டர். அஃதாவது 40,000 லிட்டர். இவ்வளவு நீரின் அருமையை மேற்சொன்ன ஊரார் நன்கறிவர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் முதல், சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 50,000 லிட்டர் கொள்ளத்தக்க ஐம்பது கலங்களைத் தாங்கிய அவ்வண்டி, ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கத்தை அடைய, அங்கிருந்து நீர் கீழ்ப்பாக்கத்து நீர்நிலையத்திற்குச் சென்றது. நம் குளத்து நீர் அவ்வண்டியின் ஒரு கலத்து நீருக்குச் சிறிதே குறைந்ததாகும். பாசி பிடித்தது என்பதற்காக அதனைச் சாக்கடையில் இறைத்தல் அறமாகுமோ?

இறைத்தலால் குளத்திற்கே கேடு நேர்தலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை மிகுந்து நிலத்தடி நீர் உயரும். குளம் நிறைந்திருக்குங்கால் அதன் நீர்ப்பாரம் அடித்தளத்தைக் கீழ்நோக்கி அழுத்தி நிற்கும். குளத்தை வெறுமையாக்கின், புறத்தேயுள்ள நிலத்தடி நீர் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும். அதனால் தரை வெடிப்புறும், சிலபோது குளமே பெயர்ந்தெழும். ஏரிக்கு அண்மையிலுள்ள தாழ்நிலங்களில் இவ்வச்சம் மிகுதி.

2. நீர் பசுமையுறுவது ஏன்?

பாசி என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய செடியினம். அது காற்றோடும் மழையோடும் எங்கும் பரவுவது. வெயில், வெம்மை, நீரிற் கரைந்த உரச்சத்து ஆகிய மூன்றும் இயைந்தவிடத்து அது விரைந்து பெருகும். நம் நாட்டில் இம்மூன்றுக்கும் குறைவில்லை. ஆதலின், பாசி வந்தபின் அழிப்போம் என்றிராது, அது வேரூன்றவொண்ணாத நிலையில் நீரை என்றும் வைத்திருத்தலே அறிவுடைமை.

அந்நிலையை உண்டாக்குவது குளோரின் என்னும் பொருள். சுவீடன் நாட்டு ஷீலே என்பார் 1774-இல் இதனைக் கண்டறிந்தார். ஆங்கிலேயரான டேவி என்பார் 1810-இல், இதன் வெளிறிய பச்சை நிறம் பற்றி இப்பெயரை இட்டார். சிறிதளவே நீரிற் கரைந்து நிற்பினும் இது பாசியையும் கிருமிகளையும் அழிக்கவல்லது. இதன் இன்றியமையாமையைக் காட்டுதற்கு ஒன்று கூறுவாம். 2024-ஆம் ஆண்டில் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பக்கத்தே, குளத்தில் நீராடிய சிறுவன் ஒருவன் மூக்கின் வழியே மூளைக்கு ஏறும் ஒருவகை அமீபாவால் உயிரிழந்தான். வெம்மையான நன்னீரில் வாழும் அவ்வுயிர், உரிய அளவு குளோரின் நிலைபெற்ற நீரில் பிழைத்திராது. நீச்சற்குளக் காவல் அழகின் பொருட்டன்று, உயிரின் பொருட்டேயாம்.

நிலைத்து நிற்கும் நீரால் வரும் பிறிதொரு கேடு கொசு. சென்னையில் முறைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுவினம் கிணற்றிலும் மேனிலைத் தொட்டியிலும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது. கவனிப்பாரற்ற குளமும் அதற்கு நல்ல பிறப்பிடமாகும்.

3. அளந்தறிதல்

நீரின் நிலையை நிறத்தால் மட்டும் அறிதல் இயலாது. துளிமருந்துகள் அடங்கிய சோதனைப் பெட்டி ஒன்றைப் புதியவர் முதலில் வாங்குதல் வேண்டும். அறியவேண்டுவன மூன்று.

முதலாவது, குளோரின் அளவு. சோதனை மருந்திட்ட நீர் இளஞ்சிவப்பாவது குளோரின் உண்மையைக் காட்டும். குளோரின் மிக மிகுந்திருப்பின் அந்நிறமே வெளுத்துப்போம். அப்போது 'குளோரின் இல்லை' என்று மயங்காது, நீரை வேறு தூய நீரோடு கலந்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, பி.எச். எனப்படும் அமில கார நிலை. இது 7.2-க்கும் 7.8-க்கும் இடைப்பட்டிருத்தல் நன்று. இதனின் மிகுந்தால் குளோரின் வலிகுன்றும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீராயின் சுவரில் வெண்ணிறச் சுண்ணப் படிவும் ஏறும்.

மூன்றாவது, சயனூரிக் அமிலம். திறந்தவெளிக் குளத்தில் வெயில் குளோரினை ஓரிரு மணி நேரத்திற்குள் பெரிதும் சிதைத்துவிடும். சயனூரிக் அமிலம் குளோரினுக்குக் குடை போன்று நின்று காக்கும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் போதும். நம் குளத்திற்கு அது 1.2 கிலோகிராம் ஆகும். இது மிகுமாயின் குளோரின் செயலற்றுப்போம்.

4. தெளிவிக்கும் முறை

முதற்கண், இலை சருகு முதலியவற்றை வலையால் முற்றும் அரித்தெடுக்க. இவை கிடக்குமளவும் இடும் மருந்தெல்லாம் இவற்றை எரித்தற்கே செலவாகும்.

இரண்டாவது, நீரேற்றும் பொறியை இரவும் பகலும் ஓடவிட்டு, நீரை மணல்வடிகட்டி வழியே சுழலச் செய்க. கீழ்ப்பாக்கத்தில் 1914-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நீர்நிலையமும் மணற்படுகையில் நீரை வடித்தே நகருக்கு அளித்தது. வீட்டு வடிகட்டி அதனை விரைந்து செய்யும் சிறு வடிவம் எனலாம். வடிகட்டியின் அழுத்தமானி தூய நிலையிற் காட்டிய அளவினும் காற்பங்கு மிகுந்தால், நீரை எதிர்த்திசையிற் செலுத்தி மணலைக் கழுவுக.

மூன்றாவது, பி.எச். அளவை 7.2-க்குக் கொணர்ந்து, சயனூரிக் அமிலம் 30 உளதாவென உறுதி செய்துகொண்டு, மாலையில் குளோரினை லிட்டருக்கு 12 மில்லிகிராமாக உயர்த்துக. நம் குளத்திற்கு இது 480 கிராம் குளோரின். நூற்றுக்குப் பத்துப் பங்கு வலிமையுள்ள திரவக் குளோரினாயின் ஏறத்தாழ ஐந்து லிட்டர் வேண்டும். நூற்றுக்கு முப்பது பங்கு வலிமையுள்ள பிளீச்சிங் பவுடராயின் 1.6 கிலோகிராம் வேண்டும். பின்னதை வாளியில் கரைத்துத் தெளியவைத்துத் தெளிவை மட்டும் ஊற்றுக. அது நீரின் கடினத்தை மிகுவிக்குமாதலின் திரவமே சிறந்தது.

நான்காவது, சுவரையும் தரையையும் படிகளின் மூலைகளையும் நாடோறும் தூரிகையால் தேய்க்க. பாசி தன்னைச் சுற்றி வழுவழுப்பான உறை கொள்வது. அவ்வுறை கிழிந்தாலன்றி மருந்து உட்புகாது.

ஐந்தாவதே பலர் தவறவிடுவது. ஒருமுறை இட்ட குளோரின் சில மணி நேரத்தில் பாசியோடு பொருது தீர்ந்துபோம். ஆதலின் பகலில் இரண்டு மூன்று முறை அளந்து, குறைந்ததை இட்டு, 12 என்னும் அளவைத் தளராது நிறுத்துக. இடையே விட்டுவிடின் எஞ்சிய பாசி மீண்டும் பெருகும். முன் இட்ட மருந்தும் வீணாம். நீர் முதலில் கரும்பச்சை மாறி வெளிர்பச்சையாகும். பின்னர்ப் பால் கலந்தாற்போல் மங்கும். அம்மங்கல் இறந்த பாசியே. வடிகட்டி அதனைச் சிறிது சிறிதாக அகற்றும். ஒரு கிழமையோ அதனின் மிகுதியோ ஆகலாம்.

நம் நாட்டார் கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையும் படிகாரமும் இடுவர். அவை கலங்கலைப் படியச் செய்யுமேயன்றிப் பாசியைக் கொல்லா. ஆதலின் குளோரினுக்கு அவை ஈடாகா.

வேலை முடிந்தது என்பதற்கு மூன்று அடையாளங்கள் உள. தரையிலிட்ட காசு தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். இரவு அளந்த குளோரின், கதிரவன் தோன்றுமுன் அளக்குங்கால் ஒரு மில்லிகிராமுக்கு மேற் குறைந்திருத்தல் ஆகாது. வெயிலில்லா இரவிலும் குளோரின் குறையுமாயின், அதனை உண்ணும் பாசி இன்னும் உளதென்க. கழிவோடு கலந்து வலியிழந்த குளோரின் அரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தலும் ஆகாது. இம்மூன்றும் நிறைவேறியபின் குளோரின் தானே இயல்பான அளவிற்கு இறங்கும்வரை காத்திருந்து நீராடுக.

5. நாட்காப்பு

தெளிந்த குளத்தைக் காத்தற்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். குளோரினை லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை வைத்து, மாலைதோறும் குறைந்ததை இடுக. நீர் முழுதும் ஒருமுறையேனும் வடிகட்டியிற் சென்று வருமாறு பொறியை ஓட்டுக. மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் பொறிக்கு நம் குளத்திற்கு நான்கு மணி நேரம் ஆகும். வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்க்க.

கடைகளில் எளிதிற் கிடைக்கும் குளோரின் வில்லைகளைப் பற்றி ஒரு சொல். அவற்றுட் பெரும்பாலனவற்றில் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே உளது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் இடும் வில்லை, 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் இடும். நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாயின், மூன்று திங்களில் அவ்வமிலம் 100-ஐக் கடக்கும். குளோரின் எளிதிற் சிதையும். இதுவோ நீரிலேயே தங்கும். 'மருந்து நிரம்ப இட்டும் நீர் பச்சையாகின்றதே' என்று வருந்துவோரிற் பலர்க்கு இதுவே காரணம். அந்நிலை வந்தபின் நீரின் ஒரு பகுதியை மாற்றுதலன்றி வேறு வழியில்லை. நீரை விரயம் செய்யாதிருக்க விரும்புவோர் வில்லையை வெளியூர் செல்லுங்கால் மட்டும் கொள்க.

வெயிலால் நீர் 5 மில்லிமீட்டர் குறைந்தால் நம் குளத்தில் 160 லிட்டர் ஆவியாயிற்று எனக் கொள்க. ஆவியாவது நீரே, உப்பு எஞ்சும். கடினநீரையே மேன்மேலும் இட்டு நிரப்பின் உப்பு மிகும். ஆதலின், தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பெற்ற மழைநீர்ச் சேகரிப்பைப் பயன்படுத்தி, கூரைநீரில் ஒரு பகுதியை வடித்துக் குளத்திற்கு விடுதல் சாலச் சிறந்தது.

6. எச்சரிக்கைகள்

அமிலத்தையும் குளோரினையும் ஒருங்கே கலத்தல் கூடாது; கலப்பின் நச்சுக்காற்று எழும். 1915-ஆம் ஆண்டு இப்பிரே என்னும் ஊரில் போர்வீரர் பலரை மாய்த்தது இக்காற்றே. வில்லையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே கலத்தில் இடின் தீப்பற்றி வெடிக்கும். மருந்தை நீரிற் சேர்க்க. நீரை மருந்தின்மேல் ஊற்றற்க. திரவத்தை நிழலில் வைக்க. சித்திரை வெம்மையில் அதன் வலிமை விரைந்து குறையும்.

கண் எரிதலும் கடுநாற்றமும் குளோரின் மிகுதியால் வருவன என்பர் சிலர். அவை பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலத்தலால் விளைவன. ஆதலின் உடல் கழுவிய பின்னரே குளத்தில் இறங்குக.

எல்லாவற்றினும் மேலானது ஒன்று. தரை தோன்றாத நீரில் யாரையும் இறங்கவிடற்க. மூழ்கியவரை அதிற் காணுதல் இயலாது. குளத்தைச் சுற்றி வேலியும், தானே மூடும் கதவும், நீருறிஞ்சும் துளைக்குப் பழுதற்ற மூடியும், மின்பொறிக்கு மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் அமைக்க. குழந்தைகள் நீரருகே இருக்குமளவும் பெரியோர் ஒருவர் கண் அகலாதிருத்தல் வேண்டும்.

ஏரி வாரியத்தார் ஓராண்டுக் காவலுக்கு ஊரார்க்குக் கணக்குக் காட்டினர். வீட்டுக் குளம் உடையார்க்குக் கணக்குக் கேட்பார் இலர்; ஆயினும், நாடோறும் அளந்த அளவுகளை ஒரு சிறு ஏட்டிற் குறித்து வருதல் நன்று. ஒரு திங்கள் சென்றபின் அவ்வேடே அவர்க்கு ஆசானாகும். தம் குளம் நாளொன்றுக்கு எவ்வளவு குளோரின் உண்ணும், மழைக்குப்பின் என்ன மாறும் என்பவற்றை அறிந்தவர் நீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டிய நிலையை அரிதாகவே அடைவர். நீர் அருகிய நாட்டில் நீராடும் இன்பம் உடையார்க்கு அந்நீரைக் காத்தல் கடமையன்றோ?