செத்த பற்றரியும் ஒரு பாடநூல்

படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கப் போகும் தங்கச்சிக்கு,

மின்னிரசாயனப் பாடம் அனேகமாக அனோட்டு, கதோட்டு என்று கரும்பலகையில் இரண்டு கோடு கீறித்தான் தொடங்குகிறது. கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கு அதற்குள் நித்திரை வந்துவிடும். வீட்டில் கிடக்கும் செத்த பற்றரி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் கதை வேறு. இராவில் வாவிக்குப் போகும் தகப்பனின் டோர்ச்சிலிருந்து கழற்றியது என்றால் இன்னும் நல்லது.

முதலில் பன்மானி. செத்ததாக ஒதுக்கிய பற்றரிகள் பல 1.2, 1.3 வோல்ற்று காட்டும். "இது சாகவில்லையே!" என்று வகுப்பு கத்தும். இழை மின்குமிழ் ஒன்றைத் தொடுத்து அளந்தால் எண் சரியும். அகத்தடை என்ற சொல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

அறுத்துப் பார்ப்பது நாக-காபன் வகையை மட்டும். அதுவும் ஆசிரியர் கையால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து. அல்கலைன் பற்றரியில் இருக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு தோலை எரிக்கும். கைபேசி லிதியம் பற்றரி தீப்பற்றும். அவற்றில் கத்தியே படக்கூடாது.

நடுவில் காபன் கோல், சுற்றிலும் மங்கனீசீரொட்சைட்டும் காபன் தூளும் குழைந்த கருமை, வெளியே நாகக் குவளை. 1866இல் பிரான்சுக்காரர் லெக்லாஞ்சே செய்த ஈரக் கலத்தை, 1880களில் ஜெர்மானியர் கார்ல் காஸ்னர் பசையாக்கி உலர்கலமாக அடைத்தார். பாத்திரமும் அந்தக் குவளைதான், கரைந்து தீர்வதும் அந்தக் குவளைதான்! நாக அணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை வெளிச்சுற்றுக்கு அனுப்பிவிட்டு அயனாகிப் பசைக்குள் போகிறது. சுவர் மெலிந்து ஓட்டை விழுந்திருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, மறந்துபோன டோர்ச்சுக்குள் பற்றரி ஊறி வடிவது ஏனென்று விளக்கத் தேவையில்லை. ஒட்சியேற்றம் என்று பெயர் மட்டும் சொன்னால் போதும்.

சுவர்க்கடிகாரத்துச் சின்னப் பற்றரிக்கும் டோர்ச்சின் தடித்த பற்றரிக்கும் ஏன் ஒரே 1.5 வோல்ற்று? இந்தக் கேள்வி பிள்ளை வாயிலிருந்து வரும்வரை பொறுக்க வேண்டும். வோல்ற்றளவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பொருள். எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் பருமனைப் பொறுத்தது.

வாவியும் உதவும். பாலமீன்மடு முகத்துவாரத்து நீரும் வவுணதீவுப் பக்கத்து நீரும் ஒரே உப்பல்ல. இரண்டு போத்தல் நீரில் செப்புக் கம்பியும் நாகம் பூசிய தகரத் துண்டும் வைத்தால் வோல்ற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மின்னோட்டம் மாறும்.

வீட்டுக் கதைகளையும் கேட்டு வரட்டும். 1990களில் வடக்கில் பற்றரி தடைப்பொருளானபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். தளர்ந்த பற்றரியை வெயிலில் காயவைக்கும் அம்மம்மாக்கள் இங்கேயும் உண்டு. சிரிக்க வேண்டாம், சூட்டில் அயன்கள் வேகமாய் நகரும். காய்ந்தது ஒன்று, காயாதது ஒன்று என்று தொடுத்து, மின்குமிழ் எத்தனை நிமிடம் எரிகிறதென்று பிள்ளைகள் எழுதட்டும்.