ஷீட் காட்டின 10 சதவீதம்

இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டுல மாசம் 2,000 ரூபாய் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்ஐபி போடறேன். போன மாசம் என் ஷீட் திடீர்னு கிட்டத்தட்ட 10 சதவீதம் லாபம் காட்டுச்சு. சந்தோஷத்துல அம்மாகிட்ட சொல்லிட்டேன். "அப்போ என் எஃப்டியை உடைச்சு இதுல போட்டுடலாமாடா?"ன்னு கேட்டாங்க. பயந்துபோய் ஃபார்முலாவைத் திறந்து பார்த்தேன். 20,140 ரூபாய் 22,140 ஆகியிருந்தது. ஏறினது மார்க்கெட் இல்லை, நான் கட்டின தவணை! என் காசையே எனக்கு லாபம்னு காட்டியிருக்கு.

மொத்தத்தையும் அழிச்சுட்டு, கூகுள் ஷீட்ஸ்ல இரண்டு டேப்போட மறுபடி ஆரம்பிச்சேன்.

முதல் டேப் 'அக்கவுண்ட்ஸ்'. ஒரு அக்கவுண்டுக்கு ஒரே வரி: பெயர், வகை, யார் பேர்ல இருக்கு, நாமினி. பாஸ்வேர்டை மட்டும் இதுல எழுதாதீங்க. வகை ஏன் தேவைன்னா, பிபிஎஃப் 15 வருஷக் கணக்கு; டீமேட்ல இருக்கற பங்கை நாளைக்கே விக்கலாம். ரெண்டையும் கூட்டி 'கையில இவ்வளவு இருக்கு'ன்னு நினைச்சா அவசரத்துக்கு மாட்டிக்குவோம். (என் வரியிலேயே நாமினி கட்டம் காலியா இருந்தது. அது தனிக்கதை.)

இரண்டாவது டேப்ல தேதி, அக்கவுண்ட், தொகை. நம்ம பாக்கெட்ல இருந்து போனா மைனஸ், திரும்பி வந்தா ப்ளஸ். அக்கவுண்ட் பேரைக் கையால அடிக்காம, டேட்டா வேலிடேஷன்ல டிராப்டவுன் வெச்சுடுங்க. பேருக்குப் பின்னாடி ஒரே ஒரு ஸ்பேஸ் கூடினாலும் சம்இஃப் அந்த வரியை விட்டுடும். நான் அரை மணி நேரம் தேடினேன்.

கடைசி வரியில இன்னைய தேதி, இன்னைய மதிப்பு, ப்ளஸ்ல. அப்புறம் எக்ஸ்ஐஆர்ஆர். இது தேதியையும் கணக்குல எடுக்கும். ஜனவரி 1-ல 10,000, டிசம்பர் 1-ல 10,000 போட்டு, அடுத்த ஜனவரி 1-ல 21,000 இருந்தா, சும்மா வகுத்தா 5 சதவீதம்தான். ஆனா இரண்டாவது பத்தாயிரம் உள்ள இருந்ததே ஒரு மாசம். எக்ஸ்ஐஆர்ஆர் 9 சதவீதத்துக்கு மேல காட்டும்.

சரி பண்ணின ஷீட்ல என்னோட நிஜ லாபம் 140 ரூபாய். அம்மாகிட்ட அதையும் சொல்லியாச்சு. எஃப்டியை உடைக்கலை, அதுக்கும் அக்கவுண்ட்ஸ் டேப்ல ஒரு வரி போட்டாச்சு.