கிளட்ச் பிளேட் போச்சா, கேபிள்தான் இறுகிப் போச்சா?



நெல் அறுவடை வந்துவிட்டால் நம்ம மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றிப் போகிற சின்ன வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. குழுக் கடனில் வண்டி எடுத்த குடும்பங்களுக்கு அந்தச் சில வாரங்கள்தான் தவணைப் பணம் சேர்கிற காலம். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி இழுக்காமல் போகும். "கிளட்ச் பிளேட் போச்சும்மா, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று பட்டறையில் சொல்லிடுவாங்க. ஓட்டமும் போச்சு, சேர்த்த பணமும் போச்சு.

பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் கேபிள் இறுகியிருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் இழுக்காது. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமும் போதும். எது என்று பார்க்கத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போவோமே!

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஒரு கையைத் திருப்பிப் பாருங்கள். மற்ற கையும் கூடவே திரும்பும். அழுத்தத்தை விட்டால் ஒரு கை மட்டும் தனியாகத் திரும்பும். கிளட்ச் இவ்வளவுதான். இன்ஜின் பக்கம் ஃபிளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும். கியர் பாக்ஸ் பக்கம் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் போய்த் தள்ளும், பிடி விடும். இப்போது அதே உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். வழுக்குகிறதா? ஆயில் பட்ட பிளேட்டும் அப்படித்தான்.

(நம்ம ஊர்க் குகைக் கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலோகமும் தேயும், லைனிங்கும் தேயும்.)

வழுக்குதா, விடலையா?

கிளட்ச் கோளாறில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டும் நேர் எதிர்.

வழுக்குகிற கிளட்ச்சில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. மேட்டில் மூட்டையோடு போகும்போது இது நன்றாகத் தெரியும். தீய்ந்த வாசனையும் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஆள் இல்லாத சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். பிடி நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் சுத்திக்கிட்டே இருந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சூட்டில் நல்ல பிளேட்டும் கெட்டுப்போகும்.

விடாத கிளட்ச்சில் பெடலை முழுசாக மிதித்தும் பிடி விடாது. கியர் விழாது, விழுந்தால் 'கர்ர்' என்று கத்தும். வண்டி நின்று, இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெடலை மிதித்து மூன்று, நான்கு விநாடி கழித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் சரியாக விடவில்லை.

முதலில் பெடலைப் பாருங்கள்

இன்ஜினை நிறுத்திவிட்டு கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போகும், அப்புறம்தான் பாரம் தெரியும். அந்த லேசான தூரத்துக்குப் பெயர் 'பிளே'. எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பரணில் போடாமல் வண்டியிலேயே வையுங்கள்.

கேபிள் வகை வண்டியில் லைனிங் தேயத் தேய இந்த பிளே குறைந்துகொண்டே வரும். துளியும் இல்லாமல் போனால், நாம் பெடலைத் தொடாதபோதும் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கும். அரைக் கிளட்ச்சில் ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான். வண்டி வழுக்கும், பட்டறையில் 'பிளேட் போச்சு' என்பார்கள். பிளே அதிகமாக இருந்தாலோ, மிதித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது, கியர் கத்தும். இரண்டுக்கும் கேபிள் முனையில் இருக்கிற அதே நட்டுதான் மருந்து. லாக் நட்டைத் தளர்த்தி, கையேட்டில் சொன்ன அளவு வரும்வரை திருப்பி, லாக் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நடு ரோட்டில் அறுந்தால் அன்றைய நடை போச்சு.

பெடலுக்குக் கேபிள் இல்லாமல் ஆயில் டப்பா இருக்கிற வண்டியில், ஆயில் குறைந்தாலோ குழாயில் காற்றுப் புகுந்தாலோ பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காற்று எடுப்பதை மெக்கானிக்கே செய்யட்டும்.

பிளே சரியாக வைத்தும் வழுக்கினால்தான் பிளேட் தேய்ந்திருக்கும், இல்லை ஆயில் பட்டிருக்கும். ஆயில் பட்டிருந்தால் ஒழுகுகிற ஆயில் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்ற விடாதீர்கள், புது பிளேட்டும் சீக்கிரம் நனைந்துவிடும். கியர் பாக்ஸை இறக்குகிற கூலிதான் பெரிசு. அதனால் இறக்கினதும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுவது லாபம். பெடல் மிதிக்கும்போது மட்டும் 'கீச்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அந்த பேரிங்தான்.

லோடு ஆட்டோ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சேதி. பல ஆட்டோக்களிலும் மோட்டார் சைக்கிளிலும் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். விலை குறைவு என்று கார் ஆயில் ஊற்றினால் சில ஆயிலில் பிளேட்டுகள் வழுக்கும். கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள்.

தேய்வது எதனால்?

பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது, மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. இரண்டும் லைனிங்கைத் தின்னும். பாரம் அதைவிட மோசம். முக்கால் டன் வண்டி என்றால் 750 கிலோ. 75 கிலோ மூட்டையாக ஏற்றினால் பத்து மூட்டைதான் கணக்கு. பதினைந்து ஏற்றினால் 375 கிலோ கூடுதல். ஐந்து மூட்டை வாடகை அன்றைக்கு லாபமாகத் தெரியும், கிளட்ச் செலவு வரும்போது கணக்கு போட்டுப் பாருங்கள்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாராவது சொன்னால், 1993-லேயே கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லுங்கள். பஸ் கிளட்ச்சை மிதிப்பவருக்கு நம்ம வண்டிப் பெடல் எம்மாத்திரம்?

பட்டறையில் பிளேட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. காற்றடித்து ஊத விடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பில்லில் சாமானும் கூலியும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றின பழைய பிளேட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். ரிவெட் தலையும் லைனிங்கும் ஒரே மட்டத்துக்கு வந்திருந்தால் பிளேட் உண்மையிலேயே முடிந்துவிட்டது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்து வந்தால் வண்டி வைத்திருக்கிற மற்ற உறுப்பினர்களும் தொட்டுப் பார்ப்பார்கள்.